தென்புறத்தில் ஒரு விளக்குப் பிரயாணம்

சென்னைக்குத் தெற்கே பிரயாணம் செய்கிறவர்களில் தாம்பரத்தைக் கடந்து போகிறவர்கள் அநேகம் பேர். தாம்பரத்தைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் மிகச் சிலர். எழும்பூரில் ரயிலேறியவர்கள் மூட்டை முடிச்சுகளைச் சரிப்படுத்தி, குழந்தைகளை அதட்டி, ஜன்னலோரத்துச் சண்டையைத் தீர்த்து வைத்து நிமிர்வதற்குள் தாம்பரம் வந்துவிடும். "சரி, பட்டணம் முடிந்தது, இனிப் பலகாரப் பொட்டலத்தைப் பிரிக்கலாம்" என்பதற்கு ஓர் அடையாளமாகவே அந்த ஊர் அவர்களுக்குப் பயன்படுகிறது. பல்லாவரத்துக்கோ அந்த மரியாதை கூடக் கிடையாது. விரைவு வண்டிகள் அதைத் திரும்பிப் பாராமலே ஓடிவிடுகின்றன.

இவ்வளவு அலட்சியத்துக்கு உரிய பிரதேசமா இது? பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்களெல்லாம் தாம்பரத்தோடு சேர்ந்து 2021-ஆம் ஆண்டில் ஒரே மாநகராட்சி ஆகிவிட்டன. நாம் இந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களாதலால் நமக்குக் கொஞ்சம் பட்சபாதம் இருக்கலாம். ஆயினும் இந்திய சரித்திரத்தின் முதல் அத்தியாயத்தை எழுதத் தொடங்கிய இடம் எது என்று யாராவது கேட்டால், பாடலிபுத்திரத்தையோ ஹரப்பாவையோ சொல்லாமல், "பல்லாவரம்" என்று தைரியமாகச் சொல்லலாம். அதற்கு ஆதாரம் இருக்கிறது.

1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் ஆங்கிலேயர், பல்லாவரத்துப் பட்டாள மைதானத்தை அடுத்து, சரளை வெட்டி எடுத்த ஒரு பள்ளத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஜல்லிக்காக வெட்டப்பட்ட பள்ளந்தான். எத்தனையோ கூலியாட்களின் மண்வெட்டியில் பட்டு, எத்தனையோ கூடைகளில் ஏறி இறங்கிய கற்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஃபுட் துரையின் கண் அந்தக் கல்லில் ஒரு விசேஷத்தைக் கண்டது. அதன் விளிம்பு இயற்கையாக உடைந்ததன்று; யாரோ ஒருவன் வேறொரு கல்லால் தட்டித் தட்டிச் செதுக்கியது. அந்த "யாரோ ஒருவன்" இரும்பையும் செம்பையும் அறியாத ஆதி மனிதன்.

அதற்கு முன்னால் இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததென்பதே உலகத்துக்குத் தெரியாது. அதே வருஷம் செப்டம்பரில் ஃபுட்டும் அவருடைய சகாவான வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தில் இதே ஜாதிக் கருவிகளை ஏராளமாகக் கண்டார்கள். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகள் குறைந்தபட்சம் 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்றும் சொல்லலாம் என்று சாந்தி பப்பு முதலிய அறிஞர்கள் 2011-ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். இந்த நெடுங்கதையின் முதல் வரி பல்லாவரத்துச் சரளைப் பள்ளத்தில் எழுதப்பட்டது.

அது மட்டுமா? பல்லாவரத்துக் குன்றுப் பக்கத்தில் பெருங்கற்காலத்துச் சுடுமண் ஈமப்பேழை கிடைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திர பல்லவன் குடைந்த குகை அங்கே இருக்கிறது. இப்போது அது முஸ்லிம் அன்பர்கள் வழிபடும் தர்கா. தாம்பரத்துக்கு வந்தால், க்ஷயரோகத்தைக் கண்டு ஊரே நடுங்கிய காலத்தில், 1928-இல், டாக்டர் சௌரி முத்து ஏற்படுத்திய சானடோரியம். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1937-இல் பட்டணத்து நெரிசலை விட்டு வந்து காட்டுக்குள் குடியேறிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அனகாபுத்தூரிலோ, சென்னைக் கைக்குட்டை என்று பெயர் பெற்று ஆப்பிரிக்காவில் நைஜீரியா வரை சென்ற கட்டம் போட்ட துணியை நெய்த நெசவாளர்கள். அந்த வியாபாரம் நொடித்த பிறகு வாழை நாரில் புடவை நெய்து காட்டியவர்களும் அவர்களே.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 1931-ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. தென்னிந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் ரயில் பாதை இதுதான். அநேக கிராமங்களில் அகல் விளக்கும் அரிக்கேன் விளக்கும் எரிந்துகொண்டிருந்த காலத்தில் நமது தாம்பரம் மின்சாரத்தின் எல்லைக் கல்லாக விளங்கியது. ஆகையால் மின்சாரத்தையும் விளக்கையும் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊர்க்காரர்களுக்கு ஒருவிதப் பாத்தியதை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

* * *

விளக்கைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் என்ன வந்தது? சொல்கிறோம்.

நாம் உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர்கள். சரித்திர பாடத்தைக் கரும்பலகையில் நடத்தினால் மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். பொருளைக் கண்ணால் காட்டினால் விழித்துக்கொள்கிறார்கள். அதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை எங்காவது ஒரு காட்சிசாலைக்கு அழைத்துப் போவது வழக்கம். ஒரு முறை ஒரு சிறு காட்சிசாலைக்குப் போயிருந்தோம். அதன் பெயர் எதற்கு? மூன்று அறைகள், ஒரு காவலர், ஒரு வருகைப் புத்தகம், நூறு வருஷத்துத் தூசி. இப்படிப்பட்ட காட்சிசாலைகள் நம் தேசத்தில் எத்தனையோ இருக்கின்றன.

முதல் அறையில் கற்காலக் கோடரிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக வைத்திருந்தார்கள். கூரையிலிருந்து ஒரு குழல் விளக்கு நேர் கீழாக வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் அந்தக் குழல் விளக்கும் எட்டிப் பார்த்த எங்கள் முகங்களுந்தான். முகத்தை ஒதுக்கிக்கொண்டு உற்றுப் பார்த்த ஒரு மாணவன், "சார், இது எங்கள் தெருவில் ரோடு போடக் கொட்டியிருக்கிற ஜல்லிதானே?" என்றான். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் கேட்டதில் பிசகு இல்லை. அந்த வெளிச்சத்தில் அது ஜல்லியாகத்தான் இருந்தது.

காவலருக்கு ரோசம் வந்துவிட்டது. "ஜல்லியா? தம்பி, இப்படி வந்து பாரு" என்று சொல்லி, குழல் விளக்கை அணைத்தார். தம் கைபேசியின் விளக்கை எரியவிட்டு, பெட்டியின் பக்கவாட்டிலே தாழ்வாகப் பிடித்தார். என்ன அதிசயம்! தட்டையாக இருந்த கல்லில் திடீரென்று பள்ளமும் மேடும் எழுந்தன. சிப்பி சிப்பியாகப் பெயர்த்தெடுத்த தடங்கள் ஒவ்வொன்றும் நிழல் கட்டி நின்றன. விளிம்பு முழுவதும் ஒரு கை வேலை செய்திருப்பது தெரிந்தது. "யாரோ செதுக்கியிருக்கான், சார்!" என்று கத்தினான் அதே பையன். 1863-ஆம் வருஷத்தில் ஃபுட் துரை கண்டதை அவனும் அந்த விநாடியில் கண்டுவிட்டான்.

இரண்டாவது அறையில் வேறொரு பாடம் காத்திருந்தது. பழைய சிவப்புத் துணி ஒன்றை விரித்து வைத்து, அதன்மேல் சூடான ஒரு கூர்விளக்கைத் திருப்பியிருந்தார்கள். சிவப்புத் துணி என்று பெயர்ச் சீட்டில் எழுதியிருந்ததே தவிர, பார்வைக்கு அது பழுத்த வாழைச் சருகு நிறத்தில் இருந்தது. காவலர் பெயர்ச் சீட்டைச் சற்றே நகர்த்தினார். அதன் அடியில் சீட்டின் அளவுக்கு ஒரு நீண்ட சதுரம், நேற்றுச் சாயத்தொட்டியிலிருந்து எடுத்ததுபோல் செக்கச் செவேலென்று இருந்தது! "வெளிச்சம் தின்னுடுச்சு, சார்" என்றார் அவர், இரண்டே வார்த்தையில்.

கல்லுக்கு வெளிச்சம் போதவில்லை என்பதில்லை. சரியான திசையிலிருந்து வரவில்லை. துணிக்கோ வெளிச்சமே விஷமாகிவிட்டது. முதலாவதில் பையன் ஒருவன் தன் முன்னோரின் கைவேலையைக் காணாமல் திரும்பியிருப்பான். இரண்டாவதில் அவன் பேரன் காண்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டும் தேசத்துக்கு நஷ்டமே.

* * *

இந்த இரண்டு சங்கடங்களுக்கும் பரிகாரமாக வந்திருப்பது எல்.இ.டி. என்னும் விளக்கு. காவலரின் கைபேசியில் எரிந்ததும் அதுதான். அதன் வரலாறு சுவாரசியமானது.

பழைய குண்டு விளக்கில் ஒரு மெல்லிய கம்பியைச் சூடேற்றிப் பழுக்க வைக்கிறோம். கொடுக்கும் மின்சாரத்தில் 100-க்கு 5 பங்கு போல வெளிச்சமாகும், மற்றதெல்லாம் உஷ்ணம். விளக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு அடுப்பை எரித்தோம் என்றே சொல்ல வேண்டும். காட்சிசாலைகளில் விரும்பி மாட்டப்பட்ட ஹாலஜன் கூர்விளக்கும் இதே குடும்பத்துக் குழந்தைதான். குழல் விளக்கு சிக்கனமானது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் கசிய விடும். சாயத்துக்கும் காகிதத்துக்கும் அந்தக் கதிர் பரம சத்துரு.

எல்.இ.டி.யில் கம்பியும் இல்லை, வாயுவும் இல்லை. ஒரு சிறு படிகத் துணுக்கில் மின்சாரம் பாயும்போது அதுவே ஒளிர்கிறது. சிவப்பு நிறத்தில் ஒளிரும் படிகத்தை 1962-இலேயே செய்துவிட்டார்கள். நீல நிறந்தான் முப்பது வருஷம் போக்குக் காட்டிற்று. இஸாமு அகஸாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா என்ற மூவர் ஜப்பானில் விடாப்பிடியாக உழைத்து அதைச் சாதித்தார்கள். நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைத் தடவினால் இரண்டும் கலந்து வெள்ளை ஒளி ஆகிறது. 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அம்மூவருக்கும் கிடைத்தது.

அடுத்த வருஷமே, 2015 ஜனவரியில், நம் தேசத்தில் 'உஜாலா' என்னும் திட்டம் பிறந்தது. 60 வாட் குண்டு விளக்கு இருந்த இடத்தில் 9 வாட் விளக்கை மாட்டும்படி வீடுதோறும் மலிவு விலைக்கு விநியோகித்தார்கள். 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் இவ்விதம் ஜனங்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்ட விளக்கு காட்சிசாலைக்கும் வரவேண்டியதுதானே?

வரவேண்டும். ஆனால் தாழ்வாரத்து விளக்கைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டிவிடக் கூடாது. ஏன் என்று தெரிந்துகொள்ள, தாம்பரத்திலிருந்து கிழக்கே கடற்கரையை நோக்கி ஒரு சுற்றுப் போய்வரலாம்.

* * *

வண்டலூர் போய், அங்கிருந்து கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, கோவளத்தை அடைந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சிறிது தூரம் வந்தால் முட்டுக்காடு. வழியில் ஏரிகளையும் அடுக்குமாடிக் கட்டடங்களையும் மாறி மாறிப் பார்க்கலாம். எது எதை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும். முட்டுக்காட்டில் கழி வந்து கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது தக்ஷிணசித்ரா. டெபோரா தியாகராஜன் அம்மையார் முயற்சியில், லாரி பேக்கரின் கட்டடக் கலைத் திறமையைத் துணைக்கொண்டு உருவாகி, 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பிரதேசங்களின் பழைய வீடுகள் இங்கே இருக்கின்றன. அழியவிருந்த வீடுகளைத் தூண் தூணாக, உத்தரம் உத்தரமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைகிறோம். வெளியே உச்சி வெயில். அதன் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் படி. ஒரு மெழுகுவர்த்தியை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் ஒரு லக்ஸ் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். அந்த வெயிலிலிருந்து நேரே ஓர் இருட்டறைக்குள் போனால் கண் குருடாகிவிடும். ஆனால் நம் முன்னோர் அப்படிக் கட்டவில்லை. முதலில் திண்ணை, அங்கே கூரையின் நிழல். அப்புறம் ரேழி, அங்கே அரை வெளிச்சம். அப்புறம் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம். அங்கே மேலிருந்து இறங்கிச் சுவரில் பட்டுத் தெறித்த மென்மையான வெளிச்சம். கடைசியில்தான் அறை. இத்தனை படியும் தாண்டி வந்த கண் அந்த அறையில் ஒரு சிறு குத்துவிளக்கின் ஒளியிலேயே எல்லாவற்றையும் காண்கிறது.

காட்சிசாலைக்கு விளக்குப் போடுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதற் பாடம் இது. வாசலில் கண்ணைப் பழக்கிவிட்டால் உள்ளே வெளிச்சத்தை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. சிறு காட்சிசாலைகளில் வாசலைத் தாண்டியதும் முதற் பெட்டியை வைத்துவிடுகிறார்கள். வெயிலில் வந்தவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. "இருட்டாக இருக்கிறது" என்று குறை சொல்கிறான். இன்னும் இரண்டு விளக்கை மாட்டுகிறார்கள். ஒரு ரேழி கட்டியிருந்தால் போதும்.

அங்கிருந்து வடக்கே ஈஞ்சம்பாக்கம். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த கலைஞர்கள் இங்கே சவுக்கையும் மணலுமாக இருந்த நிலத்தில் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை ஏற்படுத்தினார்கள். படம் விற்றுச் சாப்பிடுவது நிச்சயமில்லை என்பதால் பாட்டிக் துணிகளைச் சாயம் தோய்த்து விற்றுக் குடித்தனம் நடத்தினார்கள். சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று 2009-இல் அங்கே ஒரு காட்சிசாலையும் ஏற்பட்டது. ஒரே கூரையின்கீழ் எண்ணெய் வர்ணப் படம், காகிதத்தில் தீட்டிய சித்திரம், செம்புத் தகட்டுச் சிற்பம் என்று பலவிதப் பொருள்கள் சேர்ந்தால் விளக்குக்காரருக்குச் சோதனைதான். உலோகத்தையும் கல்லையும் வெளிச்சம் ஒன்றும் செய்யாது. எண்ணெய் வர்ணப் படத்துக்கு 200 லக்ஸ் தாராளம். காகிதச் சித்திரத்துக்கும் சாயத் துணிக்கும் 50 லக்ஸுக்கு மேல் கூடாதென்பது உலகமெங்கும் காட்சிசாலைக்காரர்கள் அனுசரிக்கும் விதி.

நிறத்தின் விஷயம் ஒன்று இருக்கிறது. மலிவான எல்.இ.டி.யின் கீழே பட்டுப் புடவை வாங்கி வந்து, வீட்டு வாசலில் பிரித்துப் பார்த்து, "கடையில் அரக்கு நிறமாக இருந்ததே!" என்று அங்கலாய்க்காத குடும்பத் தலைவிகள் இருக்க முடியாது. விளக்கு, நிறத்தை எவ்வளவு மெய்யாகக் காட்டுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. சூரிய ஒளிக்கு 100 என்றால், காட்சிசாலை விளக்குக்கு 90-க்குக் குறையக் கூடாது. தவிர, நமக்கெல்லாம் பளீரென்ற நீல வெள்ளை வெளிச்சத்தில் ஒரு மோகம். 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருப்பது அதுதான். அதில் நீலக் கூறு அதிகம். பொருளுக்கும் நல்லதல்ல, மங்கிய ஒளியில் பார்ப்பதற்கும் இதமில்லை. 2700-லிருந்து 3000 கெல்வின் வரை உள்ள இளமஞ்சள் ஒளி போதும்.

ஈஞ்சம்பாக்கத்திலிருந்து திருவான்மியூரைத் தாண்டினால் பெசன்ட் நகர். இங்கே மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. ஐயரவர்கள் 1942-இல் மறைந்தார்கள். அவர்கள் சேர்த்த சுவடிகளைக் காப்பாற்றுவதற்காக, ருக்மிணி தேவி அருண்டேலின் ஆதரவில், 1943-இல் இந்த நிலையம் தோன்றிற்று. ஊர் ஊராக அலைந்து, பரணிலும் குப்பையிலும் கிடந்த ஏடுகளை ஒரு மனிதர் தேடி எடுத்திராவிட்டால் நமது சங்க இலக்கியத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? நினைத்தாலே மெய் நடுங்குகிறது. செல்லுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் தப்பி வந்த ஏடு, அதைப் பார்க்க ஆசைப்படுகிற நம்முடைய வெளிச்சத்துக்குப் பலியாகிவிடக் கூடாது அல்லவா?

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிச்சத்தின் கேடு கடன் வட்டிபோல் சேர்ந்துகொண்டே போவது. விளக்கை அணைத்தால் நிற்குமே தவிர, போன நிறம் திரும்பி வராது. ஓர் ஓலைச்சுவடியை 50 லக்ஸ் வெளிச்சத்தில், நாளைக்கு 8 மணி, வருஷத்துக்கு 300 நாள் வைத்தால் 1,20,000 லக்ஸ் மணி ஆகிறது. அதையே 500 லக்ஸில் வைத்தால் 12,00,000. அதாவது, பத்து வருஷத்தில் அடைய வேண்டிய மூப்பை ஒரே வருஷத்தில் அடைந்துவிடும். ஆள் வரும்போது மட்டும் எரிந்து, போனதும் தானே அணையும் ஏற்பாடு எல்.இ.டி.க்கு மிகச் சுலபம். நாளைக்கு 8 மணிக்குப் பதில் 2 மணி எரிந்தால் சுவடியின் ஆயுள் நான்கு பங்கு நீளும்.

* * *

இப்போது பணக் கணக்கு. சிறு காட்சிசாலையின் காரியதரிசிக்கு லக்ஸைவிட ரூபாய்தான் முன்னால் தெரியும். அது நியாயமும் ஆகும். 50 வாட் ஹாலஜன் கூர்விளக்குகள் 20 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 8 மணி வீதம் 300 நாளைக்கு 2,400 யூனிட் செலவாகும். அதே அளவு வெளிச்சம் தரும் 7 வாட் எல்.இ.டி.களை மாட்டினால் 336 யூனிட். மிச்சம் 2,064 யூனிட். விளக்குகள் அறையைச் சுட வைப்பது நின்றுபோவதால் குளிர்சாதனத்துக்கு ஆகும் மின்சாரத்திலும் மிச்சம் உண்டு. ஒரு நல்ல எல்.இ.டி. 25,000 மணிக்குக் குறையாமல் உழைக்கும். மேற்படி கணக்கில் அது பத்து வருஷம். ஏணி போட்டு ஏறிக் கண்ணாடிப் பெட்டிகளின்மேல் குனிந்து விளக்கு மாற்றும் அபாயமும் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. எல்.இ.டி. படிகம் சிரஞ்சீவியாக இருந்தாலும், அதற்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் 'டிரைவர்' என்ற சிறு பெட்டி அற்பாயுசாகப் போய்விடுவதுண்டு. நம் ஊரில் மின்சாரம் ஏறியிறங்கும் வேகத்தையும், முட்டுக்காட்டுப் பக்கத்து உப்புக் காற்றையும் நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. மட்டமான பெட்டியால் விளக்குக் கண்ணுக்குப் புலப்படாமல் நடுங்கவும் செய்யும்; பார்ப்பவருக்குத் தலைவலி. ஆகவே விளக்கை வாங்கும்போது அந்தப் பெட்டியை விசாரித்து, தனியே கழற்றி மாற்றக் கூடியதாக வாங்க வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை நாம் அள்ளி இறைப்போம். இது மனித சுபாவம். ஏழில் ஒரு பங்கு செலவில் வெளிச்சம் கிடைக்கிறதென்றால், "அப்படியானால் ஏழு விளக்குப் போடலாமே!" என்று தோன்றும். திருவிழாப் பந்தலுக்கு அது சரி. காட்சிசாலையில் அப்படிச் செய்தால் மின்சாரமும் மிஞ்சாது, பொருளும் மிஞ்சாது. எல்.இ.டி.யில் புற ஊதாக் கதிர் அநேகமாக இல்லை என்பது வாஸ்தவம். அதனால் அது சாயத்தை வெளுக்காது என்று எண்ணுவது அபத்தம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வெளுக்கத்தான் செய்யும். தாமதமாக வெளுக்கும், அவ்வளவே. சீர்திருத்தம் என்பது விளக்கை மாற்றுவது மட்டுமன்று. எந்தப் பொருளுக்கு எவ்வளவு, எந்தத் திசையிலிருந்து, எத்தனை நேரம் என்று யோசிப்பதே சீர்திருத்தம்.

அப்படி யோசிப்பதற்குப் பெரிய நிபுணர்கள் வர வேண்டுமென்பதில்லை. கல், உலோகம், மண்பாண்டம் ஆகியவற்றுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு கூரிய ஒளி. செதுக்கலும் வளைவும் எழுந்து நிற்கும். மேலிருந்து விழும் விளக்கைச் சுமார் 30 பாகை சாய்த்து வைத்தால் கண்ணாடியில் பார்ப்பவருடைய முகம் தெரியாது. துணி, ஏடு, புகைப்படம் ஆகியவற்றுக்கு மங்கலான ஒளி, ஆள் வரும்போது மட்டும். அதோடு சில மாதத்துக்கு ஒரு முறை ஒன்றை எடுத்து உள்ளே வைத்து வேறொன்றை வெளியே வைப்பது. ஜன்னலுக்குப் புற ஊதாவைத் தடுக்கும் மெல்லிய தாள். வெளிச்சத்தை அளக்க, கைக்கு அடக்கமான ஒரு லக்ஸ் மானி. ஒரு பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆசிரியரும் ஊர் எலெக்ட்ரீஷியன் ஒருவரும் சேர்ந்தால் மூன்று அறைகளை ஒரு வாரத்தில் ஒழுங்கு செய்துவிடலாம்.

* * *

ஃபுட் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகளை 1904-இல் சென்னை அரசாங்கக் காட்சிசாலை வாங்கிக்கொண்டது. 1851-இல் தோன்றிய அந்தப் பெரிய ஸ்தாபனம் எழும்பூரில் இருக்கிறது. அங்கே அவை பத்திரமாக இருப்பது நியாயமே. ஆனால் பெரிய காட்சிசாலை எல்லா ஊருக்கும் தாயாக இருக்க முடியாது. பல்லாவரத்துப் பையன் ஒருவன், தன் ஊர் மண்ணில்தான் இந்த தேசத்தின் ஆதி மனிதன் முதன்முதலாக அகப்பட்டான் என்பதைத் தன் ஊரிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அனகாபுத்தூர்ப் பெண் ஒருத்தி, தன் பாட்டனார் நெய்த கட்டம் போட்ட துணியை அதன் அசல் சிவப்போடு பார்க்க வேண்டும். சானடோரியத்தில் இறங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததென்று சொல்ல ஒரு பழைய புகைப்படம் வேண்டும். 1931-ஆம் வருஷத்து மின்சார வண்டியின் கதையும் வேண்டும்.

இதற்கெல்லாம் மாளிகை வேண்டாம். மூன்று அறை, ஒரு ரேழி, வருஷத்துக்குச் சில நூறு யூனிட் மின்சாரம், பொருளை நேசிக்கிற ஒரு காவலர் ஆகியவை போதும். அந்நியர் ஒருவர் சரளைப் பள்ளத்தில் குனிந்து பார்த்து நமக்குச் சொன்ன விஷயத்தை, நம் குழந்தைகள் நம் ஊரிலேயே, நம் விளக்கிலேயே பார்த்து அறியும்படி செய்வது நம் கடமை. மாநகராட்சியும் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் பிரமுகர்களும் மனம் வைத்தால் இது ஒரு பெரிய காரியமன்று. விளக்கு மலிந்துவிட்டது, இனிமேல் இருட்டைச் சாக்குச் சொல்வதற்கில்லை.